பரண் இறங்கட்டும், பரிசு கிடைக்கட்டும்: காவிரிக் கரை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் சாமான் சேர்ந்துபோவதற்குப் பேராசை காரணமில்லை. விவசாயக் குடும்பத்தில் எதுவும் என்றைக்காவது உதவும். அறுந்த கயிறு கன்றுக்குட்டியைக் கட்ட, கிழிந்த சாக்கு நெல் காயப்போட, உடைந்த மரக்கால் கோழிக்குத் தீனி வைக்க. மாடும் களமும் இருந்தவரை அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. இன்று மாட்டுக்கொட்டகை காலி, பல வீடுகளில் பத்தாயமும் காலி. சாமான் மட்டும் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயதான இரண்டு பேர் நாலைந்து அறைச் சாமானுக்குக் காவல் இருக்கிறார்கள்.

குறைக்கத்தான் வேண்டும். ஆனால் குப்பை வண்டியில் ஏற்றுவதற்கு முன், இது யார் கைக்குப் போனால் பயன்படும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். சில பொருட்கள் அப்படியே பரிசாகும். இன்னும் சில, கொஞ்சம் கைவேலை செய்தால் பரிசாகும். கீழே உள்ளவை அந்த எண்ணத்தில் எழுதியவை.

1. திண்ணையிலிருந்து தொடங்குங்கள். முதலிலேயே பரணில் கை வைத்தால் அன்றைக்கே அலுத்துவிடும். கம்பிக் கதவு போட்ட பிறகு பல வீட்டுத் திண்ணைகள் கிடங்காகிவிட்டன. பழைய சைக்கிள், சாக்குகள், மருந்து அடிக்கும் தெளிப்பான், ஓடாத மோட்டார் எல்லாம் அங்கேதான். அவற்றைக் கொல்லைப் பக்கம் மாற்றிவிட்டு, திண்ணையைக் கழுவி, இரண்டு பேர் உட்கார இடம் செய்யுங்கள். சாயங்காலம் காப்பி டம்ளரோடு அங்கே உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். வீட்டை ஒழித்ததற்கு அன்றைக்கே கிடைக்கிற பலன் அது. அடுத்த அறைக்குப் போக மனமும் வரும்.

2. போகிக்கு முதல் நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். மார்கழிக் கடைசியில் சம்பா கதிர் முற்றி நிற்கும், வீட்டில் யாருக்கும் கை ஒழியாது. அவசரத்தில் எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்தத்தான் தோன்றும். டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை, அன்று காலை பிறந்த குழந்தையின் மூச்சிலும் போகிறது. சம்பா, தாளடி அறுவடை முடிந்து வெயில் ஏறும் பங்குனி, சித்திரைதான் இந்தப் பக்கத்துக்கு ஏற்ற காலம். துணியை உதறிக் காயவைக்கலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் இன்னொரு முறை பரணைப் பார்த்து, தாளும் துணியும் ஒழுகும் இடத்தில் இல்லாமல் நகர்த்திவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போனபோது பல குடும்பங்களின் பத்திரமும் சான்றிதழும் நனைந்து கூழாயின.

3. பெரியவர்களின் பொருளைக் கேட்காமல் தொடாதீர்கள். கேட்கிற விதமும் முக்கியம். “அத்தை, இதைத் தூக்கிப் போட்டுடலாமா?” என்று மருமகள் கேட்டால் மாமியாருக்கு மனசு சுருக்கென்று ஆகிவிடும். “இது யார்கிட்ட இருந்தா நல்லாருக்கும், சொல்லுங்க அத்தை” என்று கேட்டுப் பாருங்கள். பாக்குவெட்டி பெரிய நாத்தனாருக்கு, பல்லாங்குழி பேத்திக்கு என்று அவரே பிரித்துக் கொடுப்பார். அது யார் சீராக வந்தது, எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்வதை ஒரு சீட்டில் எழுதிப் பொருளோடு கட்டிவிடுங்கள். பிறகு அந்தப் பாக்குவெட்டியைப் பழைய இரும்புக்குப் போட யாருக்கும் மனம் வராது.

4. எழுத்து இருக்கிற எதையும் படிக்காமல் எறியாதீர்கள். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-ல் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் உ.வே.சாமிநாதையர். சுவடி தேடி ஊர் ஊராகப் போனவர். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களைப் பற்றியும், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகள் ஹோமத் தீயில் போடப்பட்டதைப் பற்றியும் வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வீடு ஒழிக்கிறோம், சாஸ்திரப்படி செய்கிறோம் என்று நினைத்துச் செய்தவர்கள்தான். உங்கள் வீட்டுப் பரணில் சங்க நூல் இருக்காது. ஆனால் தாத்தாவின் சாகுபடிக் கணக்கு, குத்தகைச் சீட்டு, கம்பியில் குத்திவைத்த பர்மா, மலேயாக் கடிதங்கள் இருக்கலாம். எல்லாத் தாளையும் நான்கு குவியலாகப் பிரியுங்கள்: நிலமும் வீடும் சம்பந்தப்பட்டவை, கடிதங்கள், கையெழுத்து நோட்டுகள், வெறும் ரசீதுகள். கடைசிக் குவியல் மட்டும் பழைய பேப்பர்காரருக்கு. ஓலைச்சுவடி ஏதாவது அகப்பட்டால் துடைக்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். துணியில் சுற்றித் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

5. மொய் நோட்டு எவ்வளவு பழசானாலும் வைத்திருங்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். தாள் உதிர்ந்தால் புது நோட்டில் படி எடுத்துக்கொள்ளுங்கள்.

6. சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய போட்டோவைப் பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியைத் துடைத்து, நிழலான இடத்தில் வைத்து, செல்போனில் நேராகப் படம் எடுங்கள். சித்தப்பா, அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி போட்டுக் கொடுத்தால் வரும் தீபாவளிக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

7. பூச்சிமருந்து வந்த டப்பாவைக் கழுவி எண்ணெயோ மோரோ ஊற்றிவைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் கூடாது. வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி ஓட்டை போட்டு அப்புறப்படுத்துங்கள். இதை மட்டும் யாருக்கும் கொடுக்கவே கூடாது.

8. பட்டுப்புடவைக்கும் புத்தகத்துக்கும் பூச்சி விரட்டிப் பொட்டலம். சரஸ்வதி மகாலில் சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டிலும் செய்யலாம். வசம்பை மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் போடுங்கள். நன்றாகக் காயவைத்துக் கொரகொரப்பாக இடித்தால் போதும். பழைய மல்வேட்டித் துண்டில் இரண்டு ஸ்பூன் வைத்துச் சிறு முடிச்சாகக் கட்டுங்கள். பட்டின் மேல் நேராகப் படாமல் அலமாரி மூலையில் வையுங்கள். வாசனை குறைந்ததும் மாற்றுங்கள். குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாத உயரத்தில் இருக்கட்டும். கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக் கொடுக்கும்போது கூடவே நாலு முடிச்சும் வைத்துக் கொடுங்கள். திருபுவனம் பட்டு வாங்கத் தெரிந்த நமக்கு அதைப் பாதுகாக்கவும் தெரிய வேண்டும்.

9. பித்தளையை எடைக்குப் போடாதீர்கள். பெரிய அண்டா, தவலை, வெண்கலப் பானை எல்லாம் இடத்தை அடைக்கின்றன என்பது உண்மை. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று போதும். மற்றவற்றைப் பங்காளி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஊர்க் கோயில் மடப்பள்ளிக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் உள்ளே பாருங்கள். வெள்ளைப் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் ஈயம் போய்விட்டது என்று அர்த்தம். அதில் புளி சேர்ந்த பதார்த்தம் செய்தால் களிம்பு இறங்கும். ஈயம் பூசுகிறவர் ஊருக்கு வரும்போது பூசிக்கொள்ளுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பாத்திரத்தைக் கரி அடுப்பில் காயவைத்து, நவச்சாரம் தூவி, புகை எழும்போதே ஈயக் கட்டியை ஒரு தொடு தொட்டுப் பஞ்சால் சுற்றித் தேய்ப்பார். கண் எதிரிலேயே பாத்திரம் வெள்ளியாகிவிடும். பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் கலக்கக் கூடாது. தெரிந்தவரிடம், விசாரித்துக் கொடுங்கள்.

10. ஈயச்சொம்பு பரிசாகக் கொடுத்தால் கூடவே இதைச் சொல்லிக் கொடுங்கள்: புளித் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். ஈயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை ஏற்றிவிட்டுப் பெருங்காயம் தேடப் போனால் திரும்பி வரும்போது அடி இருக்காது.

11. நைந்த பருத்திப் புடவை, மல்வேட்டி இரண்டையும் பிறக்கப்போகும் குழந்தைக்கு எடுத்துவையுங்கள். புதுத் துணியின் கஞ்சி மொடமொடப்பு பிஞ்சுத் தோலுக்கு ஆகாது. பல முறை துவைத்து மெலிந்த துணிதான் இதம். வெந்நீரில் கொதிக்கவிட்டு, அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, சதுரமாக வெட்டி ஓரம் மடித்துத் தையுங்கள். பித்தான், ஜரிகை எதுவும் வேண்டாம். இரண்டு புடவைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு ஓட்டுத் தையல் போட்டால் குழந்தையைக் கிடத்தும் விரிப்பு தயார். வளைகாப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் வளையலும் பிளாஸ்டிக் டப்பாவும் கொடுக்கும்போது, பாட்டி கட்டிய புடவையில் தைத்த விரிப்பைக் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பெண் பெட்டியில் முதலில் வைப்பது அதைத்தான்.

12. கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் துணிப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. அப்படியும் வெற்றிலை பாக்கோடு கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம் மட்டும் குறையவில்லை. வாங்கியவர் வீட்டில் அது பரணுக்குப் போகிறது, அடுத்த ஆண்டு வேறொரு வீட்டுக் கொலுவுக்கு வருகிறது. ஒரு பருத்திப் புடவையில் இரட்டை மடிப்பாகத் தைத்தால் ஐந்தாறு பைகள் வரும். மஞ்சளில் நனைத்து நிழலில் உலர்த்தினால் அழகாகவும் இருக்கும். பிடியைப் பையின் அடிவரை ஓடவிட்டுத் தையுங்கள், தேங்காய் கனம் தாங்கும்.

13. தாளிப்பு வடகம். டெல்டா வீட்டிலிருந்து வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்பக்கூடிய கைவேலைப் பரிசுகளில் இதற்கு மேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு 100 கிராம் இரண்டையும் உரித்து ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும், உரல்தான் சரி. உடைத்த உளுந்து 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, தேவையான உப்பு, கொஞ்சம் விளக்கெண்ணெய் சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு மூடிவையுங்கள். மறுநாள் எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து வெயிலில் வையுங்கள். சாயங்காலம் உருண்டைகளை உதிர்த்து அதே பாத்திரத்தில் போட்டு மூடிவிடுங்கள், காலையில் மறுபடி உருட்டுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால்தான் புளிப்பும் வாசனையும் ஏறும். அதன்பின் உருண்டையாகவே விட்டு, உள்ளே ஈரம் துளியும் இல்லாமல் காயும்வரை காய்ச்சல் கொடுங்கள். வெயிலைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கடைசியில் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றையும் உருட்டி, கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். ஒரு வருடம் கெடாது. வத்தக்குழம்போ மீன்குழம்போ கீரை மசியலோ, ஒரு கிள்ளு கிள்ளி எண்ணெயில் பொரித்துக் கொட்டினால் போதும். வெளியூர்ச் சமையலறையில் அந்த வாசனை எழும்போது பிள்ளை உடனே போன் செய்வான்.

தெருவில் இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து உரித்தால் வேலை தெரியாது. வெங்காயம் உரிக்கும்போது பேசிய பேச்சுக்காகவே அடுத்த ஆண்டும் எல்லாரும் வருவார்கள்.

14. விதைப் பொட்டலம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-ல் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவில் ஓர் ஏற்பாடு வைத்தார். பாரம்பரிய விதைநெல் 2 கிலோ வாங்கிப் போகிறவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், தூயமல்லி போன்ற ரகங்கள் திரும்பவும் வயலுக்கு வந்ததில் அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பெரிய பங்கு உண்டு. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார், அந்த யோசனை நமக்கு இருக்கிறது. கொல்லையில் காய்த்த அவரை, புடலை, பீர்க்கு, பூசணியில் நல்ல காய் ஒன்றை விதைக்கு விடுங்கள். விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை உறையாக ஒட்டி, விதையின் பெயர், எடுத்த மாதம் எழுதி, ஆடிப் பட்டத்துக்கு முன்னால் கொடுங்கள். “அடுத்த வருஷம் ரெண்டு மடங்கா திருப்பிக் கொடுக்கணும், அக்கா” என்று சொல்லியே கொடுங்கள். பரிசும் ஆயிற்று, பத்திரிகைக் கட்டும் குறைந்தது.

15. நெற்கதிர்ப் பின்னல். வாசல் நிலைக்கு மேலே கதிரைப் பின்னித் தொங்கவிட்டால் குருவிகள் வந்து கொத்தும். அறுவடை இயந்திரம் வைக்கோலைத் துண்டாக்கிவிடுவதால், இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முன்பே வரப்போரமாக இரண்டு பிடி கதிரை அரிவாளால் தாள் நீளமாக அறுத்து வாங்கிவிடுங்கள். ஈரச் சாக்கில் ஓர் இரவு சுற்றிவைத்தால் தாள் ஒடியாமல் வளையும். மூன்று மூன்றாகப் பின்னி, கதிர்கள் கீழே தொங்கும்படி சணலால் கட்டுங்கள். நகரத்து அடுக்குமாடியில் குடியிருப்பவருக்குப் பொங்கல் சீரோடு இதையும் கொடுத்தனுப்பலாம்.

16. விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பொம்மை வேலை. தஞ்சாவூர்ப் பொம்மையில் இரண்டு வகை. தலையும் இடையும் தனித்தனியாக ஆடும் நாட்டியப் பொம்மை ஒன்று. எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணி மற்றொன்று. இரண்டாவதை வீட்டிலேயே முயலலாம். அடி நன்றாக உருண்டிருக்கும் கொட்டாங்கச்சியில் களிமண்ணை அழுத்திக் காயவிடுங்கள். மேலே பழைய அட்டையைக் கூம்பாகச் சுற்றி ஒட்டி, ஊறவைத்து அரைத்த செய்தித்தாள் கூழை மரவள்ளி மாவுப் பசையில் குழைத்து மெல்லிசாகப் பூசுங்கள். நிழலில் காய்ந்ததும் வெள்ளை அடித்து வண்ணம் தீட்டலாம். கனம் முழுக்க அடியில் இருந்தால்தான் பொம்மை எழும். மேலே கூழ் அதிகமானால் சாய்ந்தே கிடக்கும், அப்போது சுரண்டிக் குறைக்க வேண்டும். செய்து பார்த்த பிள்ளை அதன் பிறகு தஞ்சாவூர்க் கடையில் விலை பேரம் பேசாது.

17. நெட்டி வேலைப்பாட்டுக்குத் தண்ணீரும் ஈரத் துணியும் ஆகாது. கண்ணாடிக் கூண்டைத் திறந்து மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். குளத்திலும் ஏரியிலும் வளரும் செடியின் தண்டைச் சீவி மாட்டுப்பொங்கலுக்கு மாலையாகவும், பெரிய கோயில் உருவமாகவும் செய்யும் அந்தக் கலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கிக் கொடுக்கிற பரிசு என்றால் கைவினைஞரிடமே நேரில் வாங்குங்கள்.

18. ஓடாத பொம்மைக் கார்களின் சக்கரங்களை எறிய வேண்டாம். ஆடிப்பெருக்குக்குச் சப்பரம் செய்ய ஆகும். அட்டைப்பெட்டி, ஜிகினாத் தாள், நாலு சக்கரம், இழுக்க ஒரு கயிறு. அப்பாவும் பிள்ளையும் ஒரு மாலையில் செய்துவிடலாம்.

19. வயர்க் கூடை பின்னத் தெரிந்த அத்தையோ சித்தியோ ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் அவர்கள் விரலில் இருக்கிறது. மீந்துபோன வயர்த் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அடி போடுவதுதான் சிரமம், அதைத் தாண்டினால் கை தானாக ஓடும்.

20. தண்ணீர் வருகிற நாளைத் தவறவிடாதீர்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் சில நாட்களில் கல்லணை, பிறகு உங்கள் ஊர் வாய்க்கால். காய்ந்து வெடித்த மணலில் நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் நகர்ந்து வருவதைப் பார்க்கப் பிள்ளைகளைப் படித்துறைக்கு அழைத்துப் போங்கள். கையில் கொஞ்சம் பூ போதும். தை மாதத்தில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைப் பந்தலில் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கவும் காசு வேண்டாம். இப்படிப்பட்ட நாட்களை வீட்டுக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.

21. கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆடிப்பெருக்கிலும், ஐப்பசித் துலா முழுக்குக்கு மயிலாடுதுறை போகும்போதும் பழைய துணியை ஆற்றில் விடாதீர்கள். சுவாமி படங்களையும் காய்ந்த மாலைகளையும் ஆற்றில் போடாதீர்கள். துணி மட்காமல் ஓடி மதகிலும் குமுழியிலும் சுற்றிக்கொள்கிறது. அங்கே தண்ணீர் தேங்கினால், கடைமடை வயலுக்கு முறை வைத்துக் காத்திருப்பவருக்கு அன்று பாயாது. கட்டிய துணியைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவாருங்கள். துவைத்துக் காயவைத்தால் அதிலிருந்தும் ஒரு பை தைக்கலாம்.